உடைந்த ஸ்டட்டுக்குள் ஈஸி அவுட்டும் உடைந்துவிட்டால்

நெடுங்கண்டம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய டீசல் ஜீப். எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது, கோடியில் இருந்த 8 மி.மீ. ஸ்டட் (அதைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்) சிலிண்டர் ஹெட்டோடு மட்டமாக முறிந்துவிட்டது. நடுவில் துளை போட்டு, முறிந்த துண்டைக் கடித்துச் சுழற்றி எடுக்கும் ஈஸி அவுட் கருவியை விட்டிருக்கிறார். அதுவும் உள்ளேயே உடைந்தது. மேலே புது பிட் வைத்துத் துளைத்தால் பிட் மழுங்குகிறது, துளை ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஹெட் இன்னும் எஞ்சின் மேல்தான் இருக்கிறது. அது வார்ப்பிரும்பா அலுமினியமா என்றும் அவருக்குத் தெரியவில்லை. "ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா அண்ணே?" என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. டிரில்லை மட்டும் கீழே வையுங்கள். இன்னொரு புது பிட் வாங்கி வந்து ஒருமுறை முயற்சி பண்ணலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஹெட்டைக் காப்பாற்ற முடியும். இன்னும் நான்கு மி.மீ. சாய்ந்து போனால் முடியாது.

என் ஊர் கம்பம். குமுளியில் முப்பது வருடமாக டீசல் எஞ்சின் வேலை பார்க்கிறேன். தொழில் கற்ற நாட்களில் இதே தவறை நானும் செய்தேன். ஒரு லாரி எஞ்சினில் வாட்டர் பம்ப் போல்ட் முறிந்து, ஈஸி அவுட் உள்ளே உடைந்தது. ஆசான் கடையில் இல்லை. அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று பிட் மேல் பிட்டாக மாற்றித் துளைத்தேன். சட்டென்று பிட் இளகி உள்ளே போனது. எடுத்தேன் என்று நினைத்த நேரத்தில் துளை வழியாகத் தண்ணீர் வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டேன். ஆசான் வந்து பார்த்தார், திட்டவில்லை. ஈஸி அவுட்டின் முனையைத் தேய்ப்புக் கல்லில் வைத்து, "பிட் மாதிரியே இதுவும் கெட்டி. கெட்டியான ஒன்றை பிட் ஒருநாளும் குடையாது. பக்கத்தில் எது மெத்தென்று இருக்கிறதோ அதைக் குடைந்துகொண்டு போகும்" என்றார். உங்கள் துளை சாய்வதற்கும் அதுதான் காரணம். பிட் ஈஸி அவுட்டின் மேல் வழுக்கி, ஸ்டட்டின் சுவரைத் தின்று, அடுத்து ஹெட்டைத் தின்னப் போகிறது. எக்ஸாஸ்ட் துவாரத்தைச் சுற்றி உலோகத்துக்குப் பின்னால் அநேகமாகத் தண்ணீர்தான் இருக்கும்.

எப்படி எடுப்பது என்று சொல்வதற்கு முன், ஈஸி அவுட் ஏன் உடைந்தது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். இது புரியாவிட்டால் அடுத்த வண்டியிலும் இதே கதைதான் நடக்கும்.

போல்ட் முறிவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அதிகமாக முறுக்கியோ, அதிர்விலோ முறிவது. அப்போது மரையில் பிடிப்பு ஒன்றும் இல்லை. தலை போன பிறகு மீதித் துண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். ஊசி முனையுள்ள பஞ்ச் உளியை ஓரத்தில் வைத்து இடப்புறமாகத் தட்டினாலே பல நேரம் சுழன்று வந்துவிடும். ஈஸி அவுட் உண்மையில் இந்த வகைக்குத்தான் நல்ல கருவி. இரண்டாவது, கழற்றும்போது முறிவது. ஸ்பேனரின் முழு பலத்தையும் கொடுத்தும் மரை விடவில்லை, அதனால் ஸ்டட் முறிந்தது. அப்படியென்றால் அந்த மரையின் பிடிப்பு ஸ்டட்டின் வலுவைவிடப் பெரியது. அந்தப் பிடிப்பை ஸ்டட்டின் நடுவில் இறக்கிய 4 மி.மீ. கம்பி எப்படி அவிழ்க்கும்?

முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகும். விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்குதான். 8 மி.மீ. ஸ்டட்டில் மரையைக் கழித்தால் உள் தண்டு கிட்டத்தட்ட 6.6 மி.மீ. அதன் நடுவில் இறங்கும் ஈஸி அவுட் 4 மி.மீ. என்று வைத்தால், கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு வலுதான் வரும். நல்ல எஃகு என்பதற்காக இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு கூட்டிக் கொடுத்தாலும், முறிந்துபோன ஸ்டட்டைவிட அது இளைத்ததுதான். போதாததற்கு அது ஆப்பு மாதிரி கூம்பாக இருக்கிறது. உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டின் சுவரை வெளிப்பக்கமாக விரித்து, ஏற்கெனவே பிடித்திருக்கும் மரையை இன்னும் இறுக்குகிறது. அதனால்தான் துருப் பிடித்த ஸ்டட்டுக்கு நான் ஈஸி அவுட்டைக் கடைசியாகக்கூட எடுப்பதில்லை. முதலில் மரையின் பிடிப்பை உடைக்க வேண்டும். அதற்குப் பிறகு எதைப் பிடித்துச் சுற்றினாலும் வரும். பிடிப்பை உடைப்பது சூடு. மற்றதெல்லாம் சூட்டுக்கு உதவி.

சரி, உங்கள் ஹெட்டுக்கு வருவோம்.

முதல் வேலை, ஒரு சின்னக் காந்தத்தை ஹெட்டில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. இரண்டுக்கும் வழி வேறு. பிறகு துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, நல்ல டார்ச் வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈஸி அவுட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? மட்டமாக இருக்கிறதா? உள்ளே புதைந்திருக்கிறதா? உங்கள் துளை ஸ்டட்டின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஹெட்டின் மரையைத் தொட்டுவிட்டதா? பளபளவென்று அலுமினியம் தெரிகிறதா? ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதது தெரியும்.

ஈஸி அவுட் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் நல்ல காலம்தான். இங்கே பெரும்பாலோர் தவறுவது திசையில். ஈஸி அவுட்டின் சுருள் இடக்கை மரை. இடப்புறம் சுற்றச் சுற்ற உள்ளே கடிக்கும். ஆகவே அதை வெளியே எடுக்க வலப்புறம், கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். ஸ்டட்டைக் கழற்றும் நினைப்பிலேயே இருப்பதால் கை தானாக இடப்புறம் போகும். அது இன்னும் இறுகும். நல்ல பல்லுள்ள வைஸ் கிரிப்பை இறுக்கிப் பிடித்து, லேசாக முனையில் நான்கைந்து தட்டுத் தட்டி, வலப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பாதிக்குப் பாதி இப்படியே வந்துவிடும்.

மட்டமாக உடைந்திருந்தால், மெல்லிய ஊசிப் பஞ்ச் உளியைச் சுருளின் பள்ளத்தில் வைத்து வலப்புறமாகச் சின்னச் சின்ன அடி அடியுங்கள். சுருள் தளர்ந்தால் மேலே எழும்பும். தளராவிட்டால் நேராக மேலிருந்து சுருக்கென்று சில அடி. ஈஸி அவுட் கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம். மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் இருப்பவை சீக்கிரமே துண்டு துண்டாக உடையும். துண்டுகளைக் காந்த முனையாலும் தையல் ஊசியாலும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். அலுமினிய ஹெட்டென்றால் கனமான சுத்தியல் வேண்டாம், துளையைச் சுற்றி விரிசல் விடும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடி போடாமல் இந்த அடி அடிக்காதீர்கள். எங்கள் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு இப்படி ஒரு சில் கண்ணில் ஏறியது. அன்று ராத்திரியே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பார்வை பாதிதான் திரும்பி வந்தது. அவன் இன்றும் என் கண்முன் இருக்கிறான். பவர் கிளாஸ் போட்டிருக்கிறேன், அது போதும் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

ஈஸி அவுட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நடுவில் துளையோடு ஸ்டட் மட்டும் மிச்சம். இங்கேதான் வெல்டிங். முறிந்த ஸ்டட்டை எடுப்பதற்கு என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான வழி இல்லை. ஈஸி அவுட் வராமல் உள்ளேயே இருந்தாலும், சுற்றியிருக்கும் ஸ்டட்டின் வளையம் ஒன்றரை மி.மீ. கனமாவது மிச்சம் இருந்தால் இதே வழியை முயலலாம். ஈஸி அவுட்டின் மேல் வெல்டு பிடித்தாலும் ஆறும்போது விரிசல் விடும். வளையத்தின் மேல் பிடித்தது நிற்கும்.

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுவது நல்லது. வெல்டிங்கின் எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். எர்த்தை சேஸிஸில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்றுவிடும். டீசல் ஒழுகல், எண்ணெய் ஊற்றிய துணி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தண்ணீர் வாளியும் மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முறிந்த முகத்தைப் பளபளவென்று சுத்தம் செய்து, அதன்மேல் ஒரு நட்டை வையுங்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 8 மி.மீ. நட் அல்லது அதற்கடுத்த 10 மி.மீ. நட். துத்தநாகம் பூசிய வெள்ளை நட் வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. பூச்சில்லாத கறுப்பு நட் போதும். நட்டின் நடுத்துவாரம் வழியாக உள்ளே வெல்டை இறக்கி, முதலில் ஸ்டட்டைப் பிடித்து, பிறகு நட்டின் உள்சுவரோடு சேர்த்து நிரப்ப வேண்டும். மிக் வெல்டிங் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் சாதாரண ஆர்க்கில் 2.5 மி.மீ. 7018 ராடு போதும், ராடு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் மலையில் ராடு பெட்டி பிரித்த மறுநாளே ஈரம் இழுத்துவிடும், அடுப்பு மேல் காய வைத்து எடுக்கிறோம். ஸ்டட் மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால், சின்னத் தாமிரக் குழாய்த் துண்டைத் துளைக்குள் சொருகி அதன் நடுவே வெல்டை வளர்க்கலாம். எஃகு வெல்டு தாமிரத்தில் ஒட்டாது, ஹெட்டின் மரையும் தப்பிக்கும். அலுமினிய ஹெட்டில் எஃகு வெல்டு தெறித்தாலும் ஒட்டாது. வார்ப்பிரும்பில் ஒட்டும், ஒட்டிய இடம் கண்ணாடிபோலக் கெட்டியாகிவிடும். அதனால் வார்ப்பிரும்பு ஹெட்டில் கையைக் கட்டுப்படுத்தி, ஸ்டட்டின் மேல் மட்டும் நில்லுங்கள்.

வெல்டு முடிந்தவுடன் ஸ்பேனரை மாட்டாதீர்கள். எல்லோரும் அவசரப்படுவது அங்கேதான். சிவப்பாக இருக்கும் எஃகுக்கு வலு கிடையாது, முறுக்கினால் மறுபடி பிய்யும். சிவப்பு மறைந்து கறுக்கும்வரை விடுங்கள். பிறகு ஒரு மெழுகுவத்தியை நட்டின் அடியில் ஸ்டட்டைச் சுற்றித் தொடுங்கள். மெழுகு உருகி, மரையின் இடுக்கில் உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். பழைய கைப்பழக்கம்தான், ஆனாலும் எந்த விலை உயர்ந்த ஸ்பிரேயும் சூடான மரையில் இந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்து ரிங் ஸ்பேனர் மாட்டுங்கள். முதலில் வலப்புறம் ஒரு மயிரிழை, பிறகு இடப்புறம், மறுபடி வலம். கிறீச் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஸ்டட் வந்த மாதிரிதான். கால் சுற்றுக் கால் சுற்றாக முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே கொண்டு வாருங்கள். நட் பிய்ந்துகொண்டால் மனம் விட வேண்டாம். அடுத்த நட்டை வையுங்கள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் துருவின் பிடி கொஞ்சம் உடைகிறது. ஐந்தாவது நட்டில் வந்தவை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது? சிவக்கச் சூடான ஸ்டட் விரிய நினைக்கிறது, சுற்றியிருக்கும் குளிர்ந்த உலோகம் விடாமல் நெருக்குகிறது. இளகிய எஃகு நசுங்கிக் கொடுக்கிறது. ஆறும்போது சுருங்கி, பழைய அளவைவிட ஒரு இழை மெலிந்து நிற்கிறது. அந்த ஒரு இழையில் துரு நொறுங்குகிறது.

வெல்டிங் வசதி இல்லையென்றால் கேஸ் சூடு கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் எதைச் சூடாக்குவது என்பது ஹெட்டைப் பொறுத்தது. 100 டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மி.மீ. நீளும், எஃகு 1.2 மி.மீ.தான் நீளும். ஆகவே அலுமினிய ஹெட்டில் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்கினால் துளை ஸ்டட்டைவிட அதிகம் விரிந்து பிடி தளரும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறுமே, அந்தச் சூடு போதும். அதற்கு மேல் போகாதீர்கள். அலுமினியம் உருகுவதற்கு முன் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழும். வார்ப்பிரும்பு ஹெட்டில் கணக்கு வேறு. வார்ப்பிரும்பு எஃகைவிடக் கொஞ்சம் குறைவாகவே விரியும் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதில் லாபம் இல்லை. அங்கே கூரான சுடரால் ஸ்டட்டை மட்டும் சிவக்க வைத்து ஆற விட வேண்டும். உள்ளே ஈஸி அவுட் இருந்தால் அதற்கும் இது நல்லது. சிவக்க வைத்து மெதுவாக ஆற விட்டால், சாதாரண கார்பன் எஃகில் செய்த ஈஸி அவுட் கெட்டித்தன்மையை இழந்து பிட்டுக்கு வழிவிடும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எஃகில் செய்ததாக இருந்தால் அவ்வளவு எளிதில் இளகாது.

இவ்வளவும் செய்து ஈஸி அவுட் அசையவே இல்லை என்றால், கார்பைடு என்னும் மிகக் கெட்டியான வெட்டுமுனை ஒன்றுதான் அதைக் குடையும். லேத் பட்டறையில் ஹெட்டை மில்லிங் மெஷினில் இறுக்கிக் கட்டி, கார்பைடு கட்டரை மெதுவாக இறக்கி எடுத்துக் கொடுப்பார்கள். ஹேண்ட் டிரில்லில் கார்பைடு பிட்டை மாட்டிவிடாதீர்கள். கை ஒரு நூல் ஆடினாலும் அது முறியும். அப்புறம் ஈஸி அவுட்டைவிடக் கெட்டியான ஒன்று உள்ளே கிடக்கும். கையில் செய்ய வேண்டுமானால் டை கிரைண்டரில் 3 மி.மீ. கார்பைடு பர், ஈஸி அவுட்டின் நடுவை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து, ஓடு மெலிந்ததும் பஞ்ச் உளியால் நொறுக்குவது. ஒரு முழு மதியம் போகும், ஆனால் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. அதை இங்கே பலரும் கேள்விப்பட்டதில்லை, அதனாலேயே நல்ல ஹெட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. ஸ்பார்க் எரோஷன் மெஷின். அச்சு செய்யும் டூல் ரூம்களில் இடிஎம் என்பார்கள். 1943-இல் சோவியத் நாட்டில் லசாரெங்கோ தம்பதியர் உருவாக்கிய முறை. தாமிரம் அல்லது கிராஃபைட் முனை ஒன்று உலோகத்தைத் தொடாமல், மயிரிழை தூரத்தில் நின்று, எண்ணெய்க்குள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகளை விடும். ஒவ்வொரு பொறியும் ஒரு துளி உலோகத்தைக் கரைத்து எடுக்கும். கெட்டியா மெத்தா என்பது பொறிக்குப் பொருட்டே இல்லை. ஈஸி அவுட்டும் கரையும், உடைந்த டேப்பும் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கரையும், கார்பைடும் கரையும். முனை ஹெட்டைத் தொடாததால் முறுக்கோ அதிர்வோ இல்லை. 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 6 மி.மீ.க்குள் முனை வைத்து நடுவை எரித்துவிட்டால், மிச்ச மரை ஸ்பிரிங் மாதிரி ஊசியில் வந்துவிடும். ஹெட்டின் சொந்த மரை அப்படியே இருக்கும்.

நம் பக்கத்துக்குக் கோயம்புத்தூர்தான் இதற்கு ஊர். கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் சின்னச் சின்ன டூல் ரூம்கள் நிறைய. நெடுங்கண்டத்தில் இருந்து தூரம்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை எடுத்துவிட்டு, சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஒருநாள் போய்வந்தால் வேலை முடியும். போவதற்கு முன் ஃபோனில் ஹெட்டின் நீள அகலத்தையும் உடைந்த துண்டின் ஆழத்தையும் சொல்லிக் கேளுங்கள். எல்லா மெஷினின் தொட்டியிலும் ஹெட் அடங்காது. கட்டணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். பழைய ஜீப்புக்கு நல்ல ஹெட் தேடி அலையும் அலைச்சலோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை.

படிகாரம் போட்டுக் கரைக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகை அப்படித்தான் எடுப்பார்கள். சூடான படிகாரத் தண்ணீர் எஃகைக் கரைக்கும், பித்தளையை விட்டுவிடும், அலுமினியத்துக்கும் பெரிதாகக் கேடு செய்யாது. கார்புரேட்டர் மூடி மாதிரி சின்ன அலுமினியப் பொருளுக்குப் பொறுமையிருந்தால் செய்யலாம், நாள் கணக்காகும். ஹெட்டுக்கு வேண்டாம். அதில் வால்வு சீட்டும் கைடும் இரும்பு. வார்ப்பிரும்பு ஹெட்டென்றால் ஹெட்டையே தின்னும்.

உங்கள் துளை ஏற்கெனவே சாய்ந்துவிட்டது என்றீர்கள். ஹெட்டின் மரையில் ஒரு பக்கம் கொஞ்சம் போயிருந்தால் கவலை இல்லை. மரை அரை வட்டத்துக்கு மேல் போயிருந்தால் லேத்துக்காரரிடம் மேனிஃபோல்டையோ கேஸ்கட்டையோ அளவுக்குக் கொடுத்து, சரியான மையத்தில் துளையை நேராக்கிப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வழி. 8 மி.மீ. ஹெலிகாயில் (துளைக்குள் மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடுவது, அதற்குத் துளை 8.3-இலிருந்து 8.4 மி.மீ., டேப்பும் அந்தச் செட்டோடு வருவதுதான் வேண்டும். அல்லது 10 மி.மீ. டேப் போட்டு, கீழ்ப்பாதி 10, மேல்பாதி 8 என்று படி வைத்த ஸ்டட் கடைந்து மாட்டுவது. எக்ஸாஸ்ட் சூட்டில் இரண்டுமே நிற்கும். அலுமினியத்துக்கு நான் ஹெலிகாயிலைத்தான் விரும்புவேன், பழைய மரையைவிட அது வலுவாக இருக்கும்.

இனி ஒரு ஸ்டட் முறிந்து நீங்களே துளைக்க நேர்ந்தால் மையம்தான் எல்லாம். முறிந்த முகம் கரடுமுரடாக இருக்கும், பிட் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழுக்கும். முதலில் சமமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டையோ பழைய ஃபிளாஞ்சையோ மறுபடி மாட்டி, அதன் ஓட்டைக்குள் லேத்தில் கடைந்த ஒரு புஷ்ஷைச் சொருகி, புஷ்ஷின் 3 மி.மீ. நடுத்துவாரம் வழியாகத் துளைத்தால் மையம் தப்பாது. கடைசலுக்கு அரை மணி நேரம் ஆகும், அதைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இடக்கை டிரில் பிட் கிடைத்தால் வாங்கி வையுங்கள். துளைக்கும்போது அது ஸ்டட்டைக் கழற்றும் பக்கமாகவே சுற்றும், சூடும் சேர்ந்து பாதி வழியிலேயே ஸ்டட் சுழன்று வந்ததுண்டு. படிப்படியாகப் பெரிதாக்கி, 6.8 மி.மீ.யோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரை.

முறியாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. நம் மலை வண்டிகளில் மேனிஃபோல்டு ஸ்டட் இவ்வளவு முறிவதற்குக் காரணம் வண்டி ஓடும் விதம். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி வரை முழு லோடோடு செகண்ட் கியரில் ஏறும்போது மேனிஃபோல்டு கனன்று போகும். மேலே வந்ததும் மூடுபனி, ஜூன் மாதமென்றால் கொட்டும் மழை. சில டிரைவர்கள் ஓடையைப் பார்த்ததும் சுடச்சுட எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிந்து சுருங்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கோடி ஸ்டட்களுக்குத்தான் போகிறது. உங்களுக்கு முறிந்ததும் கோடி ஸ்டட்தானே? மேனிஃபோல்டின் முகத்தில் ஒரு நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யாமல் மாட்டாதீர்கள். வளைந்த மேனிஃபோல்டை நட்டால் இழுத்து நேராக்கினால், புது ஸ்டட்டும் ஆறு மாதம்தான்.

கழற்றும் முதல் நாள் ராத்திரியே நட்களுக்கு எண்ணெய் விடுங்கள். பவர் ஸ்டியரிங் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக ஊறும். அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றும், அது காயாமல் தீயைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பன்னிரண்டு பட்டை பாக்ஸ் ஸ்பேனரைவிட ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனர் நட்டை நன்றாகப் பிடிக்கும். இவ்வளவுக்கும் நட் அசையாவிட்டால் பைப் போட்டு இழுக்காதீர்கள். நட்டை உளியாலோ கிரைண்டராலோ பிளந்துவிடுங்கள். நட் போனால் ஒன்றுமில்லை, ஸ்டட் நிற்கும்.

திரும்ப மாட்டும்போது துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய துளையில் திரவம் இருந்து ஸ்டட்டை முறுக்கினால், திரவத்துக்குப் போக வழியில்லாமல் வார்ப்பையே பிளக்கும். காற்றடித்து, மரையை டேப்பால் கையிலேயே சுத்தம் செய்து, மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் காப்பர் ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். நட்களை நடுவிலிருந்து கோடிக்கு இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். 8 மி.மீ. சாதாரண ஸ்டட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர்தான் எல்லை. ஆன்டி சீஸ் தடவியிருந்தால் அதற்கும் குறைவு. உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. ஒருநாள் மலை ஏறி இறங்கிய பிறகு, எஞ்சின் ஆறியதும் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள்.

கடைசியாக, ஹெட்டைக் கோயம்புத்தூர் கொண்டுபோவதாக இருந்தால் அந்த ஒரு துளையோடு திரும்பி வராதீர்கள். மற்ற ஸ்டட்களும் அதே வயது, அதே துரு. ஹெட் மேஜை மேல் இருக்கும்போது ஒவ்வொன்றாக இரட்டை நட் போட்டுப் பூட்டி, சூடு கொடுத்து, மெழுகு தொட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக் கழற்றிவிடுங்கள். எதுவாவது அடம் பிடித்தால் அதையும் அதே மெஷினில் கொடுத்துவிடலாம்.